கறுப்புப் பைன் போன்சாயும் கோடைக் கவாத்தும்

ஜப்பான் தேசத்தின் சிக்கோக்கு தீவில், உட்கடலை நோக்கியுள்ளது ககாவா மாகாணம். அதில் தகமத்சு நகரைச் சேர்ந்த கினாஷி, கொக்குபுஞ்சி என்னும் இரு பகுதிகள், போன்சாய் எனப்படும் குறுமரங்களுக்குப் பேர்போனவை. அத்தேசத்தில் உண்டாகும் பைன் போன்சாய்களில் நூற்றுக்கு எண்பது பங்கு இவ்விரண்டு இடங்களிலிருந்தே வருவதாகச் சொல்லப்படுகிறது. ஏறக்குறைய 200 வருஷங்களுக்கு முன், கடலோரக் காடுகளில் தானே முளைத்த பைன்களைத் தோண்டிச் சட்டியிலிட்டு விற்றதே இத்தொழிலின் தொடக்கமாகும். பின்னர் அவை வயல்களில், வரிசை வரிசையாக, நிலப்பயிராகவே சாகுபடி செய்யப்பட்டு வருகின்றன. மழை குறைந்த சீதோஷ்ணமும், நீர் தங்காத மணற்பாங்கான மண்ணும் இதற்கு அநுகூலமானவை. ஆயிரக்கணக்கான ஏரி குளங்களைக் கட்டி நெல்லைக் காப்பாற்றவேண்டிய அம்மாகாணத்தில், வறட்சியைத் தாங்கும் இம்மரம் குடியானவர்களுக்கு உகந்ததானதில் வியப்பில்லை.

போன்சாய் மரம் பட்டினி போட்டுக் குறுக்கப்படுவது என்று பலரும் எண்ணுகின்றனர். இது பெருந்தவறு. பலமுள்ள மரத்தையே சிறிதாக வைத்திருக்கக் கூடும்; நலிந்த மரம் கத்தி பட்டதும் மாண்டுபோம். ஆகையாற்றான் முதற் பல வருஷங்கள் மரம் சட்டியில் அன்றி நிலத்தில் நிற்கின்றது.

வசந்தகாலத்தில் விதை விதைக்கப்படும். நாற்றின் தண்டு வளையக்கூடிய இளம்பருவத்திலேயே கம்பி சுற்றி வளைவு கொடுக்கவேண்டும். தண்டு பருக்குந்தோறும் கம்பி பட்டைக்குள் அழுந்துமாதலால், அடிக்கடி பார்த்து அவிழ்த்துவிடுதல் அவசியம்; அழுந்திய தழும்பு எளிதில் மறையாது. அடித்தண்டு பருப்பதற்காகக் கீழ்க்கிளை ஒன்றை இஷ்டம்போல் ஓடவிட்டு, வேலை முடிந்தபின் அதனை அறுத்தெறிவர். சில வருஷங்களுக்கு ஒரு முறை மரத்தைச் சுற்றித் தோண்டி நீண்ட வேர்களை வெட்டினால், தண்டை ஒட்டியே சல்லிவேர்கள் திரளும். நல்ல மரமாவதற்குப் பத்து முதல் இருபது வருஷம் வரை செல்லும். அத்தனை காலமும் அந்நிலம் வேறு வருமானம் தராது என்பதை நினைத்தால், பின்வரும் வேலையில் ஏன் இத்துணை ஜாக்கிரதை என்பது விளங்கும்.

வசந்தத்தில் பைனின் நுனிகளில் மெழுகுவர்த்திபோல் நிமிர்ந்து எழும் தளிர்கள், விட்டுவிட்டால் நீண்டு, நீண்ட ஊசியிலைகளை விரிக்கும். ஜூன் மத்தியிலிருந்து ஜூலை முற்பகுதிக்குள் இத்தளிர்களை அடியோடு கத்தரித்துவிட்டால், வெட்டிய இடத்தில் புதுமொட்டுகள் தோன்றி இரண்டாம் முறை துளிர்க்கும். வளர்ச்சிக்கு எஞ்சிய நாட்கள் குறைவாதலால் அவ்வூசிகள் குட்டையாகவே நிற்கும். சிறு மரத்துக்குச் சற்றுத் தாமதித்தும், பெரு மரத்துக்கு முந்தியும் வெட்டுவது வழக்கம்.

மரத்தின் உச்சி எப்பொழுதும் பலமானது. கீழ்க்கிளைகளும் உட்கிளைகளும் பலம் குறைந்தவை. ஆகவே பலம் குறைந்த தளிர்களை முதலில் வெட்டி, ஏழு முதல் பத்து நாள் கழித்துப் பலமானவற்றை வெட்டவேண்டும். முந்தி வெட்டப்பட்டது முந்தித் துளிர்த்து, மற்றவற்றோடு சமமாக வந்து சேரும். வசந்தத்தில் பிண்ணாக்கு எருவைத் தாராளமாகக் கொடுத்து மரத்தைத் தேற்றிய பின்னரே இவ்வேலையில் இறங்கவேண்டும். வெட்டியதும் எருவை அகற்றி, நீரையும் குறைத்தல் நலம். இலை குறைந்த மரம் முன்போல் நீரை இழுக்காது. இலையுதிர்காலத்தில் ஒவ்வோரிடத்திலும் இரண்டு தளிர் மாத்திரம் நிறுத்தி, பழைய ஊசிகளைப் பிடுங்கிவிடுவர். ஆயினும் ஒரு கிளையின் ஊசிகள் முழுவதையும் களைதல் ஒருபோதும் ஆகாது. ஊசியற்ற பைன் கிளை மீண்டும் துளிர்ப்பதில்லை.

அவ்வருஷம் சட்டி மாற்றிய மரத்தையும், நோயுற்றதையும், இன்னும் பருக்கவேண்டிய கிளையையும் இங்ஙனம் வெட்டாது விட்டுவிடுவதே அறிவு. ஒரு வருஷம் பொறுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

இம்முறை கறுப்புப் பைனுக்கு உரியது; வெள்ளைப் பைனுக்கு ஆகாது. வெள்ளைப் பைன் பொதுவாக வருஷத்தில் ஒரு முறைதான் துளிர்க்கும்; அதன் தளிரை அடியோடு வெட்டினால் கிளையே பட்டுப்போகக்கூடும். நுனியைச் சிறிது கிள்ளிவிடுவதோடு அமையவேண்டும். இங்கே ஏமாற்றம் நேர இடமுண்டு. வெள்ளைப் பைனைக் கறுப்புப் பைன் நாற்றின்மேல் ஒட்டுக்கட்டி வளர்ப்பது வழக்கமாதலால், அடிமரத்தின் பட்டை கறுப்புப் பைனாகவே தோன்றும். கத்தியை எடுக்குமுன் ஊசிகளை எண்ணிப் பார்க்கவேண்டும்: கறுப்புப் பைனுக்குக் கொத்துக்கு இரண்டு, வெள்ளைப் பைனுக்கு ஐந்து.