அச்சில் வார்த்த சுவர்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மகன் சென்னையில் பதிவு செய்திருக்கும் அடுக்குமாடி வீட்டில் செங்கல்லே கிடையாது, சுவரெல்லாம் லாரியில் வந்து இறங்குகிறது, "இது நிக்குமா சார்?" என்று கேட்டிருந்தீர்கள்.

நிற்கும். கிணற்றுக்கு உறை இறக்கிய ஊர்தானே நம்முடையது? பட்டறையில் வார்த்த கான்கிரீட் வளையத்தை வண்டியில் ஏற்றிவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது யாரும் மிரளவில்லை. அதே வேலை இப்போது படுக்கையறை வரை வந்திருக்கிறது. பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் 1,152 வீடுகளை இப்படித்தான் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல்; 2022 மே மாதம் திறப்பு. நடுவில் கொரோனா இரண்டாம் அலை வேறு.

ஆலையில் இரும்பு மேஜைமேல் அச்சைக் கட்டி, கம்பி வைத்து, சுவிட்ச் பெட்டியும் ஒயர் குழாயும் போகும் இடத்தைக்கூட முன்னதாகவே பதித்துக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். சுவர் மட்டம் பிசகாது, பூச்சு வேலை அநேகமாக இல்லை. அதே அச்சு நூறு முறை பயன்பட்டால்தான் கணக்குக் கட்டுப்படியாகும். அதனால் தனி வீடு கட்டுகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். கிரேன் நுழையாத சந்தென்றால் பேச்சே இல்லை. இந்த முறையில் ஆட்களின் வேலையும் மாறுகிறது. கொத்தனார் கிரேன் பக்கம் போய் ஏதாவது கற்றுக்கொள்வார். தலையில் பாண்டு சுமந்த சித்தாள் பெண்ணுக்கு அந்த ஆலையில் என்ன வேலை என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

உங்கள் கவலைக்கு வருகிறேன். சுவரைத் தட்டிப் பார்த்துப் பயனில்லை, அது கெட்டியாகத்தான் இருக்கும். சுவரும் சுவரும், சுவரும் தளமும் சேரும் இடம்தான் சங்கதி. லண்டனில் ரோனன் பாயின்ட் என்று 22 மாடிக் கட்டடம், இதே முறையில் எழுப்பியது. குடி வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 விடியற்காலை, 18-ஆம் மாடியில் ஒரு பெண்மணி டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்து வெளிச்சுவரைத் தள்ளியது. தாங்கல் போனதும் அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சீட்டுக்கட்டாய்ச் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அடுப்பைப் பற்றவைத்தவர் பிழைத்துக்கொண்டார். கட்டடத்தைச் சரிசெய்து மறுபடி குடிவைத்து, கடைசியில் 1986-இல் பிரித்தபோது, கலவை இருக்கவேண்டிய சில இணைப்புகளில் பழைய செய்தித்தாள் திணித்திருந்தது தெரிந்தது!

அதற்குப் பிறகு விதிகள் மாறின. ஒரு சுவர் போனாலும் மற்றவை தொடர்ந்து விழாதபடி எல்லாவற்றையும் கம்பியால் பிணைக்கவேண்டும். கீழ்ச்சுவரிலிருந்து நீட்டியிருக்கும் கம்பி மேல்சுவரின் துளைக்குள் போகும். அந்தத் துளையை, இறுகும்போது சுருங்காத 'கிரவுட்' கலவையால் நிரப்புவார்கள். நிரம்பியதா என்று பிறகு கண்ணால் பார்க்க முடியாது.

ஆகவே, மாதிரி வீட்டைப் பார்க்க மகனை அனுப்பாதீர்கள். அதில் பார்க்க ஒன்றுமில்லை. கிரவுட் ஊற்றும் நாள் எது, பக்கத்தில் நின்று கையெழுத்துப் போடும் இன்ஜினீயர் யார் என்று கேட்டு, அந்தப் பதிவேட்டின் நகலை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்