பச்சைச் சீட்டு

மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் மாத்திரையின் பெயர்தான் இருக்க வேண்டுமா? நியூசிலாந்தில் 1998ஆம் ஆண்டு தொடங்கிய 'பச்சைச் சீட்டு' முறையில், நடத்தல், நீந்துதல் போன்ற பயிற்சிகளே மருந்தாக எழுதப்படுகின்றன. வாய்மொழி அறிவுரை மருத்துவமனை வாசலைத் தாண்டுமுன் மறந்துபோகும். ஆகவே, நோயாளியால் இயன்ற பயிற்சி எது, எத்தனை நாள், எவ்வளவு நேரம் என்பவற்றை மருத்துவரோ செவிலியரோ அவருடன் கலந்து பேசி எழுதித் தருவார். பெரியவர்களுக்கு வாரந்தோறும் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதல் வாரத்திலேயே அதனை எட்ட வேண்டுவதில்லை. துணைப் பணியாளர் ஒருவர் அடுத்த சில மாதங்கள் தொலைபேசியில் அழைத்து, "நடக்கிறீர்களா? முழங்கால் வலிக்கிறதா?" என்று வினவுவார். அந்த அழைப்பிற்காகவே நடப்போரும் உண்டு.

பயிற்சி: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பேசி, அவருக்கேற்ற பச்சைச் சீட்டு ஒன்றை எழுதுக.