கிளிமஞ்சாரோவின் வெண்முடி

வெப்ப வலயத்திலும் உறைபனி உண்டோ என மாணவர் வினவுவதுண்டு. தன்சானியா நாட்டில், மத்தியகோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 3 பாகையில், 5,895 மீற்றர் உயர்ந்து நிற்கும் கிளிமஞ்சாரோ மலை அவ்வினாவிற்கு விடையாகும். 1848 ஆம் ஆண்டில் யோகான்னெஸ் ரெப்மான் என்னும் ஜேர்மானியப் பாதிரியார் அதன் உச்சியில் வெண்பனியைக் கண்டு எழுதினார். இலண்டனில் இருந்த அறிஞர் சிலர் அதனை நம்ப மறுத்தனர். கண்டவர் கூற்றே பின்னர் மெய்யாயிற்று.

அவ்வெண்முடி இன்று தேய்ந்து வருகின்றது. 1889 இல் அதன் உச்சியை அடைந்த ஹான்ஸ் மேயர், 1898 இல் மீண்டும் சென்றபோதே பனிக்கட்டி குறைந்திருக்கக் கண்டார். 1912 இல் 11 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டிருந்த அதன் பரப்பு, 2011 இல் 2 சதுர கிலோமீற்றரினுங் குறைந்தது. நூற்றுக்கு 85 பங்கு மறைந்ததென்க.

இதற்குக் காரணம் யாது? வெப்பம் மிகுந்தமையால் உருகிற்று என்று விடை கூறிவிடல் எளிது. ஆயினும், உச்சியில் வளியின் வெப்பநிலை பெரும்பாலும் உறைநிலைக்குக் கீழேயே உள்ளது. திறந்து வைத்த கற்பூரம் நீராகாமலே குறைந்து போவதை நாம் இல்லங்களிற் காண்கின்றோம். அதுபோலவே வறண்ட வளியிற் பனிக்கட்டியும் நேரே ஆவியாகும். இதனைப் பதங்கமாதல் என்பர். செங்குத்தான பனிச்சுவர்களில் ஞாயிற்றின் கதிர் பட்டு உருகுதலும் உண்டு. 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்காபிரிக்கக் காலநிலை வறட்சியுற்றமையாற் புதுப்பனி குன்றியது. கதிரைத் திருப்பியனுப்பும் வெண்போர்வை குறையவே, பழம் பனிக்கட்டி கதிரை மிகுதியாய் உட்கொண்டது. எனினும், உலகம் வெப்பமாதலுக்கு இதிற் பங்கில்லை எனக் கொள்ளலாகாது. கடல் வெப்பமுறுதல் மழையின் போக்கையும் மாற்றவல்லது அன்றோ?

இவ்வாராய்ச்சியாற் பயன் என்னை எனின், கூறுதும். மலைச்சாரலில் வாழையும் கோப்பியும் பயிரிட்டு வாழும் சாக்கா மக்களுக்கு நீர் வருவது பெரும்பாலும் பனிமுடியிலிருந்தன்று. இடைமலைக் காட்டிற் பெய்யும் மழையிலிருந்தேயாம். அக்காடோ தீயாலும் கோடரியாலும் குறைந்து வருகின்றது. தொலைவில் ஒளிரும் முடிக்கு இரங்கும் உலகம் காட்டைக் காவாது விடின், அம்மக்களின் வாய்க்கால்கள் வறளும்.

2050 ஆம் ஆண்டளவில் இம்மலையின் பனிக்கட்டி மறைந்துவிடும் என யுனெஸ்கோ நிறுவனம் 2022 இல் அறிவித்தது. முடியை மீட்டல் அரிது; காட்டைக் காத்தல் இன்னும் கைகூடும். காரணங்களைப் பகுத்தறிந்தார்க்கே எதனை முதலிற் காப்பது என்பது புலப்படும். மாணவர் இதனை மனத்திற் கொள்வாராக.