ஃபிரிட்ஜ் இல்லாத அடுப்பங்கரைக்கு

வேலைக்காக வெளியூரில் அறை எடுத்துத் தங்கும் பிள்ளைகளுக்கும், கல்யாணம் முடிந்த கையோடு தனிக்குடித்தனம் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களும் படித்து வையுங்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபிறகு டெல்டாவில் எத்தனையோ ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. அந்த நாட்களில் எல்லோரும் ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள்தான்.

1. அளவாகச் சமையுங்கள். மீந்தால்தானே எதில் வைப்பது, எப்படி வைப்பது என்ற கவலை. இரண்டு பேருக்கு ஒரு வேளைக்கு ஒரு டம்ளர் அரிசி போதும். காய்கறி கால் கிலோ வாங்குங்கள். அரைக் கிலோவாக எடுத்தால் இரண்டு ரூபாய் குறையும் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லப் பழகுங்கள்.

2. மூக்கை நம்பாதீர்கள், மணியைப் பாருங்கள். நான் சொல்வதில் இதைத்தான் முக்கியமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊசிப்போனால் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். வாடையைக் கிளப்பும் கிருமி வேறு. ஆளைப் படுக்கையில் தள்ளும் கிருமிகளில் பல, வாடையோ ருசியோ மாறாமலே பெருகிவிடும்.

5 டிகிரி செல்சியஸிலிருந்து 60 டிகிரி வரை உள்ள சூடு கிருமிகளுக்கு ஏற்ற சூடு. சித்திரை மாதத்தில் நம் அடுப்பங்கரை சாதாரணமாக 35 டிகிரியில் இருக்கும். எல்லாம் தோதாக அமைந்தால் சில கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். காலை 7 மணிக்கு இறக்கி வைத்த கூட்டு மதியம் 1 மணிக்கு எந்த நிலையில் இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரம்தான் என்று இன்னும் கறாராகச் சொல்பவர்களும் உண்டு.

அப்படியானால் காலையில் சமைத்து மதியம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது? சூட்டை இறங்க விடாமல் வைக்க வேண்டும். ஹாட்பாக்கில் முதலில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். பிறகு அதைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய சாப்பாட்டைக் கொதிக்கக் கொதிக்க நிறைய வையுங்கள். அரைப் பாத்திரம் வைத்தால் சூடு நிற்காது. மதியம் திறக்கும்போது ஆவி பறக்க வேண்டும். கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது என்றால் அந்த ஏற்பாடு சரியில்லை என்று அர்த்தம். சூடாக வைக்க வழியில்லாத நாட்களுக்குப் புளியோதரை, எலுமிச்சைச் சாதம், சப்பாத்தி என்று எடுத்துப் போங்கள். புளிப்பும் வறட்சியும் கொஞ்சம் கூடுதல் நேரம் தாங்கும். தேங்காய்ச் சாதமும் தேங்காய்ச் சட்னியும் தாங்காது.

3. சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அரிசியோடு பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் ஒட்டிக்கொண்டு வரும். சோறு வெந்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. சோறு ஆறி வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நச்சைக் கக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மதியம் வடித்த சோற்றை மூடி வைத்து, ராத்திரி தாளித்துச் சாப்பிட்டுவிட்டு, வாந்தி எடுத்தபின் கத்தரிக்காய் மேல் பழி போடுகிற வீடுகள் நிறைய.

மீந்த சோற்றை நம் முன்னோர் சும்மா மூடி வைக்கவில்லை, தண்ணீர் ஊற்றினார்கள். வடித்து ஒரு மணி நேரத்துக்குள், மீந்துபோகும் என்று தெரிந்த சோற்றைத் தனியே எடுத்து, கட்டி இல்லாமல் உதிர்த்து, மண்சட்டியில் போடுங்கள். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைச் சோற்றுக்கு மேலே மூன்று விரல் நிற்கிற மாதிரி ஊற்றுங்கள். தண்ணீர் சோற்றின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும். ராத்திரி முழுக்க நல்ல நுண்ணுயிர்கள் புளிப்பை உண்டாக்கும். அந்தப் புளிப்பு கெட்டதைத் தடுத்து நிறுத்தும். காலையில் நீராகாரம் லேசான புளிப்பு வாசத்தோடு இருக்க வேண்டும். கையில் அள்ளினால் வழவழத்தாலோ, நூல் விட்டாலோ, நிறம் மாறியிருந்தாலோ யோசிக்காமல் கொட்டுங்கள். மதியத்திலிருந்து வெளியில் கிடந்த சோற்றில் ராத்திரி பத்து மணிக்குத் தண்ணீர் ஊற்றினால் அது பழைய சோறு ஆகாது. காலைப் பழையதைச் சாயங்காலம் வரை வைத்திருப்பதும் கூடாது.

4. குழம்பில் புளிக்குழம்பு, வத்தக்குழம்பு, நல்ல புளி ஊற்றிய மீன்குழம்பு மட்டும்தான் மறுநாள் வரை தாங்கும். அதற்கும் ஒழுங்கு உண்டு. வேண்டியதை வேறு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தை உடனே தளதளவென்று கொதிக்க வைத்து, மூடியைத் திறக்காமல் விட்டுவிடுங்கள். படுக்கப்போகும் முன் ஒரு கொதி, காலையில் எழுந்ததும் ஒரு கொதி. இடையில் யாராவது திறந்து கரண்டியை விட்டால் மறுபடி கொதிக்க வைத்தே ஆக வேண்டும். மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் புளிக்கு ஆகாது. பருப்பு போட்ட சாம்பார், தேங்காய் அரைத்துவிட்ட குருமா, கூட்டு, பொரியல் எல்லாம் அந்த வேளையோடு முடிய வேண்டியவை.

5. பாக்கெட் பால் குளிரில் இருக்கும்வரைதான் பத்திரம். வீட்டுக்கு வந்ததும் காய்ச்சுங்கள். அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி அதில் பால் பாத்திரத்தை வையுங்கள். எறும்பும் வராது, சூடும் சீக்கிரம் இறங்கும். ஐந்தாறு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பக் காய்ச்சி, சாயங்காலம் மிஞ்சியதை உறை ஊற்றிவிடுங்கள். பால் தாங்காத இடத்தில் தயிர் தாங்கும், மோர் இன்னும் தாங்கும். அவசரத்துக்கு ஒன்றிரண்டு டெட்ரா பேக் பால் வைத்துக்கொள்ளலாம். பிரிக்காதவரை மாதக்கணக்கில் இருக்கும். பிரித்துவிட்டால் அதுவும் மற்றப் பால் மாதிரிதான்.

இட்லி மாவை ஒரு வாரத்துக்கு அரைக்கும் வழக்கமே ஃபிரிட்ஜ் வந்தபின் வந்தது. உங்களுக்கு அது வேண்டாம். சாயங்காலம் அரைத்தால் காலையில் இட்லி, அன்று ராத்திரி தோசை, அதோடு பாத்திரம் காலியாக வேண்டும்.

6. மீனும் கறியும் வாங்கிய அன்றே அடுப்பேற வேண்டும். சூரை, மத்தி, கானாங்கெளுத்தி மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். இவை வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு தடிக்கும். எவ்வளவு வறுத்தாலும் அது போகாது. ஐஸில் வைக்காமல் விற்கிறவரிடம் வாங்காதீர்கள். முட்டையைக் கழுவி வைக்காதீர்கள். ஓட்டின் மேலிருக்கும் மெல்லிய படலம்தான் அதற்குக் காவல். அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி நிழலில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

7. காய்கறிக்கு ஈரமும் காற்றும் வேண்டும். ஒரு பெரிய மண்தொட்டிக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஆற்று மணலைக் கொட்டி, காலையும் மாலையும் மணலை நனையுங்கள். வாயை ஈரச் சாக்கால் மூடுங்கள். நைஜீரியாவில் முகம்மது பா அப்பா என்ற ஆசிரியர் 1990-களில் இதையே ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தண்ணீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை இழுத்துக்கொண்டு போகும் என்பதுதான் இதன் அடிப்படை. ஆகவே காற்று வறண்ட இடத்தில்தான் இது நன்றாக வேலை செய்யும். தருமபுரி, சேலம் கோடையில் நன்றாகக் குளிரும். சென்னையிலும் நாகையிலும் கடற்காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் அவ்வளவு குளிராது. கீரை, கேரட், கத்தரிக்காய், கொத்தமல்லி வைக்கலாம். பாலையும் கறியையும் இதை நம்பி வைக்காதீர்கள்.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் பக்கத்தில் பக்கத்தில் வேண்டாம். இரண்டுக்கும் இருட்டும் காற்றோட்டமும் வேண்டும். பச்சை பாய்ந்த உருளையை ஒதுக்குங்கள். முழுப் பூசணி, சேனை இரண்டும் உறியில் கிடந்தால் வாரக்கணக்கில் இருக்கும். கீறிவிட்டால் ஓரிரு நாள்தான். இஞ்சியை ஈர மணலில் புதையுங்கள்.

8. அரிசி, பருப்பு, கடலையைக் காய வைத்து, ஆற வைத்து, பிறகு மூடுங்கள். வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடு டின்னில் கொட்டி மூடினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். டின்னைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள். வசம்பும் காய்ந்த வேப்பிலையும் வண்டைத் தள்ளி வைக்கும், ஆனால் ஈரத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. வண்டு விழுந்த அரிசியைப் புடைத்துச் சமைக்கலாம். பூசணம் பூத்த கடலையைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள்.

இதைக் கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய நச்சுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அஃப்ளடாக்சின் என்ற அந்த நச்சு மனிதரின் ஈரலையும் பாதிக்கும், புற்றுநோய்வரை கொண்டுபோகும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போவதில்லை. நிலக்கடலை, கொப்பரை, மிளகாய் வற்றல், மக்காச்சோளம் வாங்கும்போது ஒரு பிடி உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். சுருங்கிய பருப்பு, பச்சையும் மஞ்சளுமாகத் தூசி, வாயில் போட்டால் கசப்பு, இதில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். மிளகாயைக் காதருகே குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும்.

9. ஊறுகாயைக் காப்பது உப்பும் புளிப்பும். ஒரு கிலோ மாவடுவுக்குக் கல்லுப்பு 200 கிராமாவது வேண்டும். உடம்புக்கு நல்லது என்று உப்பைக் குறைத்துப் போடாதீர்கள். போடும்போது சரியாகப் போட்டு, தொட்டுக்கொள்ளும்போது குறைத்துக்கொள்ளுங்கள். பூண்டு ஊறுகாயில் எலுமிச்சைச் சாறோ புளியோ தாராளமாக இருக்கட்டும். புளிப்பே சேராமல் பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு வெளியில் வைப்பது ஆபத்து. காற்றுப் புகாத அந்த எண்ணெய்க்கு அடியில்தான் பொட்டுலினம் கிருமி நச்சு உண்டாக்கும். 1985-ல் கனடாவின் வான்கூவரில், குளிரில் வைக்காத பூண்டு எண்ணெயால் 30-க்கும் மேற்பட்டோர் இந்த நச்சுக்கு ஆளானார்கள். ஊறுகாயில் ஓர் ஓரம் பூசணம் பிடித்தால் மேலாக வழித்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தை விடுங்கள்.

10. ஈரக் கரண்டி கூடாது, எச்சில் கரண்டி கூடவே கூடாது. கையில் வெட்டுக்காயமோ கட்டியோ இருந்தால் அன்று வேறொருவர் பிசையட்டும், பரிமாறட்டும். புண்ணிலிருந்து உணவுக்குப் போகும் கிருமியின் நச்சும் சூட்டுக்கு அசையாது.

11. கைக்குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் அவர்களுக்கு அப்போதைக்கப்போது சமைத்ததை மட்டும் கொடுங்கள். மீந்ததை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம். யாருக்காவது வாந்தி பேதி கண்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அந்தப் பொட்டலம் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். மலத்தில் ரத்தம் வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை துவண்டாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்து இமை தொங்கி விழுங்கச் சிரமப்பட்டாலோ, கஷாயம் வைத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.