அண்ணாச்சி மறுபடி பேசினார்

தாராவி, தொண்ணூறு அடி ரோடு. காலை ஏழு மணி. இட்லி விற்கும் அக்கா தூக்குப் பாத்திரத்தை இறக்கி வைத்தார். தோல் பட்டறை அண்ணாச்சி நாலு இட்லி வாங்கினார். சட்னி வேண்டாம் என்றார்.

"என்ன அண்ணாச்சி, ஒரு மாசமா சட்னி வேண்டாம்னு சொல்லுதிய?"

"நாக்குல ஒரு புண்ணு, தங்கச்சி. காரம் பட்டா எரியுது. பல்லு குத்தியிருக்கும். ஆறிரும்."

"ஒரு மாசமா ஆறாதது இனி எப்ப ஆறும்? சயான் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்க."

அண்ணாச்சிக்கு வயது நாற்பத்தெட்டு. ஊர் திருநெல்வேலிப் பக்கம். தோல் வெட்டும்போது அவர் வாயில் மாவா இருக்கும். பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் சேர்த்துத் தேய்த்தது மாவா. அதை வலது பக்கமே அடக்கி வைப்பார். புண் வந்ததும் நாக்கின் வலது ஓரத்தில்தான். வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பாக்கு மட்டுமே கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004-ல் அறிவித்தது. மராட்டிய அரசு 2012-ல் குட்காவைத் தடை செய்தது. ஆனால் பழக்கம் சட்டத்துக்கு அவ்வளவு சீக்கிரம் அடங்குவதில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் வாயில் ஒரு புண் ஆறாமல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி இல்லை என்று சும்மா இருக்கக் கூடாது. அண்ணாச்சியின் புண்ணிலிருந்து சிறு சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். புற்றுநோய்தான். ஆனால் தொடக்க நிலை. புண்ணின் அளவு இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை.

பரேலில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். 1941-ல் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. சயானில் ஸ்லோ டிரெயின் ஏறினால் மாட்டுங்கா, தாதர், அடுத்தது பரேல். அவ்வளவு பக்கம்தான். ஆனாலும் அண்ணாச்சி பத்து நாள் போகவில்லை.

"நாக்கை அறுத்துட்டா பேச்சு போயிரும். ஊமையா உக்காந்து என்ன செய்ய? நாட்டு மருந்து பாப்போம்" என்றார்.

"ஏங்க, டாக்டர் முழு நாக்கையா எடுக்கேன்னாரு? ஒரு ஓரம்தானே. தள்ளிப் போட்டா அந்த ஓரம் பெருசாகுங்க" என்றார் மனைவி. அவர் சொன்னதே சரி. புண் சிறிதாக இருக்கும்போது வெட்டும் இடமும் சிறிது. மிச்ச நாக்கு பேசும், விழுங்கும். பெரிதாகிவிட்டால் கையிலிருந்தோ தொடையிலிருந்தோ சதை எடுத்து வைத்துத் தைக்க வேண்டி வரும்.

ஆஸ்பத்திரியில் இன்னொரு கேள்வி வந்தது. கழுத்தையும் திறந்து நெறிக்கட்டிகளை எடுக்க வேண்டும் என்றார்கள். "கழுத்துல ஒண்ணுமே இல்லையே, அதை எதுக்கு வெட்டணும்?" என்று கேட்டார் அண்ணாச்சி.

நியாயமான கேள்வி. டாக்டர்களே பல ஆண்டுகள் இதில் இரண்டு பட்டு நின்றார்கள். நாக்குப் புற்று முதலில் பரவும் இடம் கழுத்து நெறிக்கட்டி. கைக்குத் தட்டுப்படாமலே உள்ளே இருக்கலாம். உடனே எடுப்பதா, வீங்கினால் எடுப்பதா? இந்த டாட்டா ஆஸ்பத்திரியிலேயே டாக்டர் அனில் டிகுரூஸ் தலைமையில் 2004 முதல் 2014 வரை ஆராய்ந்தார்கள். ஒரு பிரிவினருக்குக் கழுத்தையும் உடனே செய்தார்கள். மறு பிரிவினரைக் கவனித்து வந்து, நெறி கட்டியபோது செய்தார்கள். 2015-ல் 500 பேரின் கணக்கு வெளியானது. மூன்று ஆண்டு கழித்து, உடனே செய்தவர்களில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடு இருந்தார்கள். காத்திருந்தவர்களில் நூற்றுக்கு 67 அல்லது 68 பேர். பரேலில் கிடைத்த இந்த விடை உலகம் முழுவதும் போயிற்று.

அண்ணாச்சி கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டார். இரவு வகுப்பில் கற்றது.

முதல் வாரம் மூக்கு வழியாகக் குழாய். அதில்தான் பாலும் கஞ்சியும். நாக்கு வீங்கியிருந்தது, பேச முடியவில்லை. மனைவி சிலேட்டைக் கொண்டு வந்திருந்தார். அண்ணாச்சி அதில் எழுதினார்: "தண்ணி". பிறகு, "பட்டறை வாடகை குடுத்தாச்சா".

குழாயை எடுத்த பிறகு தண்ணீர், கூழ், குழைந்த சோறு என்று படிப்படியாக வந்தது. காரம் நாள் கடந்துதான். தலையைக் கொஞ்சம் குனிந்து, சிறு வாயாக விழுங்கப் பேச்சுப் பயிற்சியாளர் சொல்லித் தந்தார்.

பேச்சு வந்தது, ஆனால் குழறியது. ப, ம உதட்டில் பிறக்கும் எழுத்துகள். அவை சுத்தமாக வந்தன. த, ந சொல்ல நாக்கு நுனி பல்லைத் தொட வேண்டும். ல, ர, ன சொல்ல மேல்பல்லுக்குப் பின்னால் போக வேண்டும். ட, ண, ள, ழ என்றால் நுனி மேலே வளைய வேண்டும். தைத்த நாக்குக்கு வளைவதுதான் கஷ்டம். "பழம்" என்றால் "பயம்" என்று வந்தது. வீட்டில் பழைய பாடப் புத்தகத்தை எடுத்தார்கள். மனைவி வாசிப்பார், அண்ணாச்சி திருப்பிச் சொல்வார். தினமும் கண்ணாடி முன்னால் கால் மணி நேரம். மூன்று மாதத்தில் டீக்கடையில் யாரும் "என்ன?" என்று திருப்பிக் கேட்பது குறைந்தது. ழ மட்டும் இன்னும் முழுதாக வரவில்லை. (சீராக உள்ள நாக்கு எத்தனை பேருக்கு ழ சொல்கிறது?)

பேச்சைப் பற்றி எல்லாரும் பயப்படுகிறார்கள். தோளைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. தோளைத் தூக்கும் நரம்பு கழுத்து வழியாகப் போகிறது. நெறிக்கட்டி எடுக்கும்போது அதைக் காப்பாற்றுகிறார்கள். ஆனாலும் சில மாதம் சோர்ந்து போகலாம். அண்ணாச்சிக்கு வலது தோள். தோல் வெட்டுவதும் வலது கை. சட்டை மாட்டுவதே பாடாக இருந்தது. சுவரில் விரல்களை வைத்து எறும்பு போல மேலே ஏற்றும் பயிற்சி சொன்னார்கள். சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டார் மகள். கோடு வாரத்துக்கு ஒரு விரல் உயர்ந்தது. ஐந்தாம் மாதம் பட்டறைக்குப் போனார். முதலில் அரை நாள் மட்டும்.

இந்தத் தோள் தொல்லையைக் குறைக்க வேறு வழியும் உண்டு. முதலில் பரவக்கூடிய ஒன்றிரண்டு நெறிக்கட்டிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை அது. பிரான்சிலும் ஜப்பானிலும் நடந்த ஆய்வுகள் 2020, 2021-ல் வெளிவந்தன. உயிர் காப்பதில் அது பின்தங்கவில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் அதற்கு வசதி இல்லை.

வலது காது மடலும் கழுத்தும் அண்ணாச்சிக்கு மரத்துப் போயின. சவரம் செய்யும்போது வெட்டினாலும் தெரியாது. கண்ணாடி பார்த்தே செய்கிறார்.

நோய் திரும்புவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டில் திரும்பும். அதனால் சில மாதத்துக்கு ஒருமுறை பரேல் போகிறார். மாவாவை விட்டுவிட்டார். பட்டறையில் நண்பர் நீட்டும்போது இன்னும் வாய் ஊறுகிறது என்கிறார். அப்போது ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறார்.

நேற்று இட்லி விற்கும் அக்காவிடம் அவரே கேட்டார்: "தங்கச்சி, சட்னி கொஞ்சம் வைங்க. தேங்காய்ச் சட்னி."

பயிற்சி
வாய்விட்டு வாசியுங்கள். உதடு எங்கே, நாக்கு எங்கே என்று கவனியுங்கள்: மாமா, அம்மா, பாப்பா. தந்தை, நாலு, பல். பள்ளம், வண்டி, பழம்.
அண்ணாச்சி முதலில் சட்னி வேண்டாம் என்றது ஏன்?
சயானிலிருந்து பரேலுக்கு எத்தனை ஸ்டேஷன்?
உங்கள் வீட்டில் யாருக்காவது ஆறாத வாய்ப்புண் உண்டா? எத்தனை நாளாக?