கோதுமை கலவாத இனிப்பு

பிறந்தநாள் விழாவில் அனைவரும் அணிச்சல் உண்ண, ஒரு தோழி மட்டும் வெறுங்கையோடு அமர்ந்திருந்தால் நம் மனம் பொறுக்குமா? கோதுமை, பார்லி முதலிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் புரதம், சீலியாக் நோயுடையோரின் சிறுகுடலைப் புண்படுத்தும். கோதுமையை நீக்கினால் அக்குழந்தைகள் தேறுவதை, நெதர்லாந்து மருத்துவர் டிக்கே என்பார் 1950ஆம் ஆண்டு தம் ஆய்வேட்டில் விளக்கினார்.

அத்தோழியும் உண்ணத்தக்க இனிப்பு நம் மலேசியாவிலேயே உண்டு. அதுவே மரவள்ளிக்கிழங்கைக் கொண்டு சுடப்படும் பிங்கா என்னும் மலாய்ப் பலகாரம். ஒரு கிலோ கிழங்கின் தோலையும் நடுநாரையும் நீக்கித் துருவிப் பிழியுங்கள். அதனுடன் 250 கிராம் சீனி, 400 மில்லிலிட்டர் தேங்காய்ப்பால், இரண்டு முட்டை, சிறிது உப்பு சேர்த்துக் கலக்குங்கள். வாழையிலை விரித்த தட்டில் ஊற்றி, 180 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம், மேற்புறம் பொன்னிறமாகும்வரை சுடவேண்டும். பச்சைக் கிழங்கில் நஞ்சு உண்டு. ஆகையால் அரைவேக்காட்டில் எடுத்தல் கூடாது. அடுப்பைப் பெரியவர்களே கையாளட்டும்.

கோதுமை மாவு சேர்க்கவில்லை என்பது மட்டும் போதாது. தட்டிலும் கரண்டியிலும் ஒட்டியுள்ள சிறு துகளும் அத்தோழிக்குத் தீங்கு செய்யும். எனவே பாத்திரங்களை நன்கு கழுவிய பின்னரே தொடங்குங்கள். பிங்கா ஆறிய பிறகு துண்டு போடலாம். அணிச்சல் வெட்டிய கத்தியை மட்டும் அதன்மேல் வைத்துவிடாதீர்கள்!