கருப்பனுக்குக் கம்பி புதைக்கும் முன்னாடி

தம்பி, உன் நாய் கருப்பன் கோலியனூர் கூட்டுரோடு வரைக்கும் ஓடிடறான்னு எலக்ட்ரானிக் வேலி வாங்கிட்டியாமே. அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு.

வேலியாப் புதைக்கிற கம்பியில ஓடறது ரேடியோ சிக்னல். நாய் கிட்டே போனா கழுத்துப்பட்டை முதல்ல பீப் அடிக்கும். மீறினா பட்டைதான் சுருக்குன்னு குத்தும். அதனால கூட வந்த அடாப்டரைத் தவிர வேற எதையும் மாட்டாதே. "நேரா லைன்லயே குடுத்திடலாம்ணே"ன்னு ஒருத்தன் வருவான், வாசலோட அனுப்பிடு. கொல்லையில காட்டுப்பன்னிக்குப் போடற கம்பி அது. 2023 மார்ச்சில் தருமபுரி மாரண்டஅள்ளி பக்கம் 3 யானை செத்தது அப்படி ஒரு கம்பியிலதான்.

கடப்பாரை போடும் முன்னாடி மோட்டார் கேபிள் எங்கே போகுதுன்னு அப்பாகிட்ட கேளு. அதுக்கு ஒட்டினாப்ல கம்பியை ஓட்டாதே, குறுக்கே கடந்திடு. கம்பி தோட்டத்தைச் சுத்திட்டு, சிக்னல் அனுப்பற பெட்டிக்கே திரும்பணும். பெட்டியிலிருந்து தோட்டம் வரை ரெண்டையும் முறுக்கி விட்டா அங்கே சிக்னல் அடங்கிடும், கருப்பன் திண்ணையில நிம்மதியாப் படுப்பான்.

ஜாயின்ட்ல கஞ்சத்தனம் வேண்டாம். 2024 ஃபெஞ்சல் புயல்ல மயிலத்துல ஒரே நாள்ல 50 சென்டிமீட்டர் மழை. நம்ம தோட்டத்துலயும் தண்ணி நின்னுச்சே! வெறும் டேப் சுத்தினா அடுத்த மழைக்கே துரு ஏறிடும். தண்ணி புகாத கனெக்டர் போடு. இடி கேட்டா ப்ளக்கையும் கம்பி ரெண்டையும் கழட்டிடு.

பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவுல ஒரு விரல் நுழையணும். ராத்திரி கழட்டிடணும். எனக்குத் தெரிஞ்ச வீட்டு நாய்க்கு மாசக்கணக்கா கழட்டாம விட்டாங்க. முடியை விலக்கினா பட்டையோட ரெண்டு முள்ளும் அழுத்தின இடத்துல புளியங்கொட்டை அளவுக்குப் புண்ணு, ஈரம் காயவே இல்ல. நாய்க்கு ஷாக் பட்டையே கூடாதுன்னு வேல்ஸ் நாட்டுல 2010லயே தடை போட்டுட்டாங்க. எனக்கும் இந்தப் பட்டையில அரை மனசுதான்.

போட்டே தீருவேன்னா, எல்லைக்குச் சின்னக் கொடி நட்டு, ரெண்டு வாரம் கயித்துல பிடிச்சு, பீப் மட்டும் வச்சுப் பழக்கு. அப்படிப் பழக்கினாலும் தீபாவளி வெடிக்கு மிரண்டா ஷாக்கைத் தாண்டி ஓடிடுவான். அப்புறம் அதே ஷாக்குக்குப் பயந்து உள்ளே வரமாட்டான். தெருநாய் உள்ளே வர்றதையும் இது தடுக்காது.

கேட்டுக்கு அடியில முக்கால் அடி சந்து இருக்கே, முதல்ல அதுக்கு வலை அடி. ஞாயித்துக்கிழமை நான் வரேன், அதுவரைக்கும் அட்டைப்பெட்டி பரண்லயே இருக்கட்டும்.